பேண்ட் சொன்ன பொய்

அந்தத் தையல்காரர் புதுத்துணி தைப்பதில்லை. யாரோ தைத்ததைப் பிரிப்பதும், பிரித்ததை மறுபடி தைப்பதும்தான் அவர் பிழைப்பு. மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் உள்ளே வந்தால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய அகலத்தில் ஒரு கடை. ஒரு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், இஸ்திரி மேசை, மூலையில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. இடுப்பு இறுகினால் பிரித்து விடுவார். தொளதொளவென்று இருந்தால் பிடித்துக் கொடுப்பார். இருபத்தாறு வருடமாக அந்தத் தெருக்காரர்களின் இடுப்பு ஏறிய கதை, இறங்கிய கதை எல்லாம் அவர் சட்டைப்பை நோட்டில் தேதியோடு இருந்தது. வாயில் மட்டும் இருந்ததில்லை.

அளவை எழுதலாம், சொல்லக்கூடாது. இதுதான் அவர் கொள்கை. போன வருடம் போட்ட பேண்ட்டில் பட்டன் போட முடியாமல் வருகிற எவரும் தான் பெருத்துவிட்டதாகச் சொல்வதில்லை. துணி சுருங்கிவிட்டது என்றுதான் சொல்வார்கள். இவரும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "ஆமாங்க, நம்ம ஊர்த் தண்ணி அப்படி. எந்தத் துணியையும் சுருக்கிடும்" என்பார். இப்படி இருபத்தாறு வருடமாக ஊர்த் தண்ணீர் மீது அவர் சுமத்திய பழிக்கு, தண்ணீருக்கு மட்டும் வாய் இருந்தால் மானநஷ்ட வழக்கே போட்டிருக்கும்.

இந்தக் கொள்கை அவருக்கு வானத்திலிருந்து விழவில்லை. கல்யாணமான இரண்டாம் வருடம், மனைவிக்கு ஒரு சட்டை தைக்க அளவெடுத்தபோது, கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நிற்பதை மறந்து, "ஒண்ணரை அங்குலம் கூடியிருக்கே" என்று சொல்லிவிட்டார். பதினொரு நாள் மனைவி பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பேசியபோது, பேசாமலே இருந்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அன்றோடு அளவு விஷயத்தில் அவர் வாய்க்குப் பூட்டு விழுந்தது.

அவர் மனைவி டிரைவிங் ஸ்கூலில் டீச்சர். வீட்டிலும் அவர் மனைவியை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக் இருப்பது போல, டீச்சர் உட்காரும் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் பிடித்தவர் சுவரை நோக்கிப் போனாலும், சைக்கிள்காரரை நோக்கிப் போனாலும், கடைசி நொடியில் வண்டியை நிறுத்துவது டீச்சரின் வலது கால்தான். பத்தொன்பது வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. மாணவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் பிரேக்கம்மா. அது தெரிந்தும் தெரியாதது போல இருந்துவிடுவார், உள்ளுக்குள் அதில் ஒரு பெருமை.

ஆகவே வலது தொடையின் வெளிப்பக்கம், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் தட்டுப்பட்டபோது டீச்சர் பயப்படவில்லை. வலியும் இல்லை. "இது பிரேக் சதை" என்றார். பளு தூக்குகிறவர்களுக்குக் கையில் சதை திரள்வது போல, பிரேக் மிதிக்கிறவர்களுக்குத் தொடையில் திரளுமாம். வகுப்பில் யாராவது ஓவர் ஸ்பீடில் போனால், "இதப் பாரு, உன்ன மாதிரி ஆளுங்களாலதான் எனக்கு இப்படி ஆச்சு" என்று தொடையில் தட்டிக் காட்டுவார். மாணவர் பயந்துபோய் வேகத்தைக் குறைப்பார். ஒரு கட்டியைக்கூடப் பாடத்துக்குப் பயன்படுத்திய டீச்சர் வேறு எந்த ஊரிலாவது இருப்பாரா, தெரியவில்லை.

தையல்காரர் புதுத்துணி தைப்பதில்லை என்றேன். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தைப்பார். டீச்சர் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் ஐந்து கருநீலப் பேண்ட்டுகளும் அவர் கையால் தைத்தவை. தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்திருந்தார். மனைவியின் சாப்பாட்டின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை இஸ்திரி போடும்போது, வலது தொடைப் பக்கம் மட்டும் துணி இழுபட்டுக் குறுக்கே கோடு கோடாகச் சுருங்கியிருப்பதைப் பார்த்தார். போட்டிருக்கும் ஆளுக்கு இறுகுகிறது என்று துணி சொல்கிற பாஷை அது. இடது பக்கம் ஒன்றும் இல்லை.

சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். பதினொரு நாள் நினைவுக்கு வந்தது. மளமளவென்று வலது தையலைப் பிரித்து, கால் அங்குலம் தள்ளித் தைத்து, பழைய தையல் இருந்த இடத்தில் தெரிந்த ஊசித் துளைகளை ஆவி காட்டி நகத்தால் தேய்த்து மறைத்து, ஐந்து பேண்ட்டையும் மடித்து வைத்துவிட்டார். பழக்க தோஷம், நோட்டில் மட்டும் எழுதினார்: தொடை, இடது இருபத்திரண்டரை, வலது இருபத்திரண்டே முக்கால்.

அடுத்த மாதமும் கோடு விழுந்தது. அடுத்த மாதமும் பிரித்தார். நோட்டில் இடது அப்படியே நின்றது. வலது மட்டும் இருபத்துமூன்று, இருபத்துமூன்றேகால் என்று ஏறிக்கொண்டே போனது. டீச்சர் பேண்ட்டுக்கு இறுக்கம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. மனைவியின் மனம் நோகாமல் ஒரு காரியத்தைச் சாதிக்கிற கணவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று அவருக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது. எட்டாவது மாதம் இருபத்துநாலரை. உள்ளே விட்ட துணி தீர்ந்துபோனது. அதே நிறத்தில் ஒரு பட்டை வைத்து ஒட்டுப் போடலாமா என்று துணிக்கடையில் விசாரித்துக்கொண்டிருந்தார் மனுஷர்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வருடாந்திர மெடிக்கல் சர்டிபிகேட் வாங்க வேண்டிய நாள் வந்தது. வண்டி கற்றுக்கொடுப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை உடம்பைக் காட்டி டாக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பக்கத்துத் தெரு கிளினிக் டாக்டர் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "தொடையில என்ன?" என்று கேட்டார். பிரேக் சதை என்றார் டீச்சர். டாக்டர் சிரித்துவிட்டு அழுத்திப் பார்த்தார். "கொழுப்புக் கட்டி மாதிரி இருக்கு. வியாழக்கிழமை வாங்க. மரத்துப்போக ஊசி போட்டு, பத்து நிமிஷத்துல எடுத்துடலாம். வெள்ளிக்கிழமை கிளாஸ் எடுக்கலாம்."

வியாழக்கிழமை தையல்காரரும் கூடப் போனார். டீச்சரை உள்ளே மேசையில் படுக்க வைத்துவிட்டு, இவரைத் திரைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது.

"எத்தன நாளா இருக்கு?"

"ஒரு வருஷம் இருக்கும் டாக்டர்."

"வளருதா?"

"சேச்சே. ரெண்டு வருஷமா இதே பேண்ட்தான் போடுறேன். கொஞ்சம்கூட இறுகல. வளர்ந்தா இறுகாதா?"

"அது சரிதான்" என்றார் டாக்டர். தட்டில் கத்தி வைக்கும் சத்தம் கேட்டது.

தையல்காரருக்கு ஸ்டூல் முள்ளாகக் குத்தியது. டாக்டர் கேட்பது வெறும் பேச்சுக்கா, இல்லை அதில் ஏதாவது விஷயம் இருக்கிறதா? விஷயம் இல்லை என்றால், போய்ச் சொன்னால் வீணாகப் பதினொரு நாள். விஷயம் இருந்தால்? இரண்டு பக்கமும் தையல் போட்டுப் பார்த்தார், எந்தப் பக்கமும் நிற்கவில்லை. உள்ளே டாக்டர், "லேசா ஒரு குத்து, அவ்வளவுதான்" என்றது காதில் விழுந்ததும் கால் தானாக எழுந்துவிட்டது. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

"டாக்டர், குத்தாதீங்க! அந்தப் பேண்ட் பொய் சொல்லுது!"

டாக்டர் ஊசியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்.

"இறுகல இறுகலங்கிறாங்களே, நான் பிரிச்சு பிரிச்சு விட்டதால இறுகல. எட்டு மாசமா. மாசாமாசம்." சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். "எல்லாத்துக்கும் தேதி இருக்கு."

டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். அலட்டிக்கொள்ளாத முகத்தில் முதல்முறையாக ஒரு அலட்டல் தெரிந்தது. ஊசியைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, இந்த முறை நிதானமாக, சதையை இறுக்கச் சொல்லியும் தளர்த்தச் சொல்லியும் மறுபடி அழுத்திப் பார்த்தார்.

"இது தோலுக்குக் கீழ இல்ல, சதைக்குள்ள ஆழமா இருக்கு. வளரவும் செய்யுது. இத நான் தொடக்கூடாது" என்றார். "நல்லவேளை, கத்திய வெக்கல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். நாளைக்கே போங்க."

டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். டாக்டரைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்தார்.

"எட்டு மாசமா?" என்று கேட்டார். அதுதான் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் ஸ்கேன். கட்டி எட்டு சென்டிமீட்டர் என்றார்கள், முன்தொடைத் தசைக்குள், வெளிப்பக்கமாக உட்கார்ந்திருந்தது. அப்புறம் ஒரு குழல் ஊசியை விட்டுத் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு வந்த சர்ஜன் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தொடையில் மார்க்கரால் ஒரு நீளக் கோடு போட்டார். ஊசி அந்தக் கோட்டின் மேல்தான் இறங்க வேண்டும், ஒரு நூல் தள்ளிப் போகக்கூடாது என்று உதவி டாக்டரிடம் கறாராகச் சொன்னார்.

கோட்டைக் கண்டால் தையல்காரரால் சும்மா இருக்க முடியாது. "ஏங்க மேடம், எங்க குத்தினா என்ன?" என்று கேட்டார்.

"புற்றா இருந்தா, ஊசி போன வழியில நாலு செல் ஒட்டியிருக்கலாம். ஆபரேஷன்ல அந்த வழியையும் சேத்து எடுக்கணும். அதனால நாளைக்கு வெட்டப் போற கோட்டுமேலதான் இன்னைக்கே குத்தணும்."

வெட்டுவதற்கு முன்பே வெட்டுக்கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள்ளேயே ஊசி ஏற்றுகிற இந்த அம்மாவிடம் தன் மனைவியின் காலை நம்பிக் கொடுக்கலாம் என்று அவர் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார்.

பத்து நாளில் ரிசல்ட் வந்தது. சார்கோமா. எலும்பும் இல்லாமல் தோலும் இல்லாமல், நடுவில் இருக்கிற சதை, கொழுப்பு மாதிரி மென்மையான இடங்களில் வருகிற புற்றுநோய். கை காலில்தான் அதிகம் வருமாம். அன்று சாயங்காலம் தையல்காரர் கடைக்குப் போய், திரைக்குப் பின்னால் நின்று, கண்ணாடியில் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு அழுதார். வெளியே ஒருவர் ஜிப் மாற்ற வந்து, "உள்ள ஆள் இருக்காங்களா?" என்று கேட்டார். "இருக்காங்க, போட்டுப் பாத்துட்டு இருக்காங்க" என்று உள்ளிருந்தே பதில் சொன்னார்.

டீச்சர் பேசவில்லை. பதினொரு நாள் சாதனை முதல் மாதத்திலேயே முறியடிக்கப்பட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதும் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்தாக வேண்டும். அதற்கு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். வேறு ஊரில் வேலையிலிருந்த மகளுக்குப் போன் போடுவார். "உங்கப்பாகிட்ட சொல்லு, ஸ்கேன் பிலிம எடுத்து வெக்கச் சொல்லி." மகள் அப்பாவுக்குப் போன் போடுவாள். ஒரே சோபாவின் மறுமுனையில் அவர் போன் அடிக்கும். "கேட்டுச்சும்மா" என்பார். "கேட்டுச்சாம்மா" என்று மகள் அம்மாவிடம் சொல்வாள். ஒருநாள் ஆபீஸில் முக்கியமான மீட்டிங்கில் இருந்த மகள், "அம்மா, அப்பா உன் பக்கத்துலதானே உக்காந்திருக்காரு?" என்று பல்லைக் கடித்தாள். "அதனால என்ன?" என்றார் டீச்சர்.

முதலில் ஐந்து வாரம் கதிர்வீச்சு, திங்கள் முதல் வெள்ளி வரை. அது கட்டியின் ஓரங்களை அடக்கி வைக்குமாம். அப்புறம் தோல் ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி. அதற்கப்புறம்தான் ஆபரேஷன். இரண்டு பேரையும் உட்கார வைத்து சர்ஜனம்மா விளக்கினார்.

"முந்தியெல்லாம் இதுக்குக் காலையே எடுத்துருவாங்க. இப்ப பெரும்பாலும் அது தேவப்படுறதில்ல. கட்டிய மட்டும் எடுப்போம். ஆனா கட்டியோட ஓரத்துல வெட்ட மாட்டோம். சுத்தி நல்ல சதையையும் கொஞ்சம் சேத்து, கட்டி கண்ணுலயே படாத மாதிரி மொத்தமா எடுப்போம்."

"தையலுக்கு வெளிய துணி விட்டு வெட்டுற மாதிரி" என்றார் தையல்காரர்.

"அதேதான்."

"எவ்வளவு விடுவீங்க?"

"ஒரு ரெண்டு சென்டிமீட்டர். எல்லாப் பக்கமும் கிடைக்காது. உள்பக்கம் பெரிய ரத்தக் குழாய் போகுது, அங்க அவ்வளவு இடமில்ல. ஆனா தசையைச் சுத்தி உறை மாதிரி ஒரு கெட்டியான ஜவ்வு இருக்கு. அது ஒரு பக்கம் நின்னுட்டா மெல்லிசா இருந்தாலும் போதும். கட்டி அதத் தாண்டி லேசுல வராது."

தையல்காரரின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "கரை! துணிக்கு நெசவுலயே வர்ற கரை ஓரம் மேடம். அங்க துணி விட வேண்டியதில்ல, பிரியாது!"

சர்ஜனம்மா கண்ணாடியை இறக்கி அவரை நன்றாகப் பார்த்தார். "இத எங்க மாணவர்களுக்கு நான் அரைமணி நேரம் விளக்குவேன்" என்றார்.

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் தொடையைப் பற்றி இரண்டு பேர் கட்பீஸ் போலப் பேசிக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. சர்ஜனிடம் நேராக ஒரு கேள்வி கேட்டார்.

"நான் பிரேக் மிதிக்க முடியுமா?"

"முன்தொடையில நாலு தசை இருக்கு. ஒண்ண முழுசா எடுக்க வேண்டியிருக்கும், இன்னொண்ணுல பாதி போகலாம். மிச்சம் இருக்கிறது வேலையக் கத்துக்கும், நாளாகும். முடியும்னு நினைக்கிறேன். ஆனா இன்னொண்ணும் சொல்லணும். உள்ள போனப்புறம் கட்டி ரத்தக் குழாயையும் நரம்பையும் சேத்துச் சுத்தியிருந்தா, காலக் காப்பாத்த முடியாமப் போகலாம். வாய்ப்புக் குறைவு. ஆனா அதுக்கும் சேத்துதான் நீங்க கையெழுத்துப் போடணும்."

டீச்சர் பேனாவை வாங்கி ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார். ஆயிரம் பேருக்கு லைசென்ஸ் பாரத்தில் கையெழுத்துப் போட்ட கை. வெளியே வந்ததும், கைப்பையை மறந்துவிட்டதாகச் சொல்லி, தையல்காரர் மட்டும் திரும்ப உள்ளே போனார். எந்தப் பையும் மறக்கவில்லை.

"மேடம், ஒரு நிஜம் சொல்லணும். நான் எட்டு மாசம் மறைச்சேன். என்னாலதானா?"

சர்ஜனம்மா பொய் சொல்கிற ஜாதி இல்லை. "எட்டு மாசம் முந்தி வந்திருந்தா சின்னதா இருந்திருக்கும். ஒரு தசையோட போயிருக்கும். அது உண்மை" என்றார். "ஆனா அன்னைக்கு நீங்க நோட்டக் காட்டாம இருந்து, அந்த கிளினிக்ல அதக் கொழுப்புன்னு நினைச்சுக் கிழிச்சிருந்தா, கட்டி நாலா பக்கமும் சிதறியிருக்கும். அப்ப நான் பிரேக்கப் பத்தி எந்த வாக்கும் குடுத்திருக்க மாட்டேன். இதுவும் உண்மை. ரெண்டையும் சேத்து வெச்சுக்கோங்க."

இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னால் மனுஷ மனம் கேட்குமா? முதல் உண்மை மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்தது. இரண்டாவதை அவர் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டார்.

ஆபரேஷன் நாள். ஐந்து மணி நேரம். வராந்தா நாற்காலியின் கிழிந்த உறையை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்து, யார் இவ்வளவு மோசமாகத் தைத்தது என்று திட்டிக்கொண்டிருந்தார். கால் இருக்குமா, இருக்காதா? கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தார், உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஒருவர், "உங்களுக்கு மூலமா?" என்று அனுதாபத்தோடு கேட்டார்.

சர்ஜனம்மா வெளியே வந்தபோது முகக்கவசத்துக்கு மேலே கண் சிரித்தது. "கால் இருக்கு. குழாய் தப்பிச்சது. கட்டிய முழுசா, மூடின மாதிரியே எடுத்தாச்சு. ஒரு தசை முழுசா, ஒண்ணுல பாதி." எடுத்த சதையில் எது மேல், எது பக்கம் என்று தெரிய, மேலே குட்டை நூலும் பக்கத்தில் நீள நூலும் கட்டி அனுப்பியிருப்பதாகச் சொன்னார். லேபில் அதன் வெளிப்புறம் முழுக்க மை பூசி, வெட்டி, மை பட்ட இடத்தில் கட்டி எட்டிப் பார்க்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். அந்த ரிப்போர்ட் வந்தால்தான் நிம்மதி.

மறுநாள் கட்டு மாற்றும்போது தையல்காரர் காயத்தைப் பார்த்தார். அவ்வளவு மரியாதை வைத்திருந்த சர்ஜன் மீது அவருக்கு முதல்முறையாக மனவருத்தம் வந்தது. ஒரு முழ நீளத்துக்குக் கம்பி பின்னாக அடித்து வைத்திருந்தார்கள்.

"என்ன சிஸ்டர் இது? பேப்பருக்கு அடிக்கிற பின்னு! உள்ள அவ்வளவு அழகா வேலை செஞ்சுட்டு, வெளிய இப்படியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா?" என்றார் நர்ஸ்.

டீச்சர் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று இவர் பதறினார். சிரித்தாராம், நர்ஸ் அப்புறம் சொன்னார்.

ரிப்போர்ட் வந்தது. கட்டி எங்கேயும் மையைத் தொடவில்லை, கரைப் பக்கம் உட்பட. டீச்சர் போனை எடுத்து, "உங்கப்பாகிட்ட சொல்லு, சுத்தமா இருக்காம்" என்றார். மகள் போனிலேயே அழுதுவிட்டாள். இவருக்குப் போன் போடவும் மறந்துவிட்டாள்.

ஆனால் கால் தூக்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிக்காரர் தினமும், "முட்டிய மடக்காம, குதிகால மெத்தையிலேருந்து தூக்குங்க" என்பார். டீச்சர் பல்லைக் கடிப்பார், நெற்றியில் வேர்க்கும், குதிகால் மெத்தையிலேயே கிடக்கும். ஓரிரு நாளில் தூக்குவார் என்று எதிர்பார்த்தார்கள். ஆறாம் நாளும் தூக்கவில்லை. எல்லார் வண்டியையும் நிறுத்திய கால் இப்போது தானே நின்றுவிட்டது.

ஏழாம் நாள் காலை பிசியோதெரபிக்காரர் காலடியில் நின்றுகொண்டு, "இன்னொரு தடவ" என்றார். குதிகால் அசையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த தையல்காரருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வெளி மனுஷர் ஒருவர் நிற்கிறாரே என்ற கூச்சம்கூட இல்லாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நான்தான் பண்ணேன் டீச்சர். முத தடவையே சொல்லியிருக்கணும். பிரிச்சு பிரிச்சு விட்டு உன் கால நான்தான் கெடுத்தேன். உன் கட்டியப் பத்தி எனக்குச் சொன்னது துணி, அதோட வாயையே நான் அடைச்சுட்டேன்."

நூற்றுப் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு டீச்சர் அவரை நேராகப் பார்த்துப் பேசினார்.

"நிறுத்துங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"என்ன தெரியாது?"

"நீங்க பிரிச்சு விட்டது. பழைய தையலோட ஊசித் துளைய நகத்தால தேச்சா மறைஞ்சிடுமா? திங்கக்கிழமை திங்கக்கிழமை பேண்ட்ட உள்பக்கம் திருப்பிப் பாத்துட்டுத்தான் போடுவேன். கால் அங்குலம் தள்ளியிருந்தா, ஓ இந்த மாசமும் வளர்ந்திருக்குன்னு தெரியும்."

தையல்காரருக்கு அழுகை நின்றுவிட்டது. "தெரிஞ்சுமா வளரலன்னு டாக்டர்கிட்ட சொன்ன?"

"பயம்" என்றார் டீச்சர். "பேண்ட் இறுகலேல்ல? இறுகாத வரைக்கும் ஒண்ணுமில்லன்னு எனக்கு நானே சொல்லிக்கலாம். நீங்க பிரிச்சு விடுவீங்கன்னு நம்பித்தான் நான் சும்மா இருந்தேன். உள்ள விட்ட துணி தீர்ந்து போனதப் பாத்ததும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"அப்ப எங்கிட்ட ஏன் பேசல? இத்தன நாளு?"

"பேசினா, உனக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. நான் என்ன சொல்றது?" என்று ஆத்திரத்தோடு அவர் பக்கம் எழும்பித் திரும்பினார்.

"மேடம்!" என்று கத்தினார் பிசியோதெரபிக்காரர். "அப்படியே வைங்க! அப்படியே!"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். குதிகால் மெத்தையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், நடுங்கிக்கொண்டு, அந்தரத்தில் நின்றது. கோபத்தில் டீச்சர் அதைக் கவனிக்கவே இல்லை. பார்த்ததும் தொப்பென்று விழுந்தது. மறுபடி முயன்றார். மறுபடி எழுந்தது. பிசியோதெரபிக்காரர் சர்ஜனம்மாவைக் கூட்டிவர ஓடினார்.

தையல்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் புதுப் பேண்ட் தைக்க வேண்டும், பழையதெல்லாம் வலது பக்கம் தொங்கும் என்றார்.

"மூணு மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன் எடுக்கணுமாம். திரும்ப வந்தாலும் வரலாமாம்" என்றார் டீச்சர்.

"வராது."

"வராதுன்னு நீங்க சொல்லாதீங்க." டீச்சர் அவர் கையைப் பிடித்தார். "புதுப் பேண்ட்டுல உள்ள துணி விடாதீங்க. தையல் நிக்கிறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான். இறுகினா இறுகட்டும். எனக்கு அன்னைக்கே தெரியணும்."

உள்ளே துணி விடாமல் அவர் டீச்சருக்கு ஒரு பேண்ட்கூடத் தைத்ததில்லை. கை வராது என்று அவருக்கே தெரியும். இருந்தாலும், "சரி டீச்சர்" என்றார்.